மிச்சமிருந்த மதியங்கள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் அந்த மேற்பார்வையாளரைக் கறையம்மா என்றுதான் சொல்வார்கள், அவள் காதுபடாமல். துவைத்து, உலர்த்தி, இஸ்திரி உருளையில் ஓட்டி, மடித்து அடுக்கி வைத்த படுக்கை விரிப்புகளில் ஏதாவது ஒன்றை இழுத்து உதறி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பாள். மூலையில் கடுகளவு மஞ்சள் தெரிந்தால் போதும். அடுக்கு முழுவதையும் தொட்டிக்குள் தள்ளிவிட்டு, "திரும்பப் போடு" என்பாள். யாருக்காகவும் இறங்கி வரமாட்டாள். "அந்தம்மா சிரிச்சா மறுநாள் மெஷின் ஓடாது" என்று பெண்கள் தேநீர் இடைவேளையில் பேசிக்கொள்வார்கள்.

சோபா மெத்தை தைக்கும் குஷன்காரரின் மனைவிக்கு அங்கே ஈரத்துணிப் பக்கம் வேலை. துவைத்து முடிந்ததை இயந்திரத்திலிருந்து உருவித் தள்ளுவண்டியில் போட்டு, உலர்த்தும் டிரம்முக்குத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். ஈரத்துணி பிணமாகக் கனக்கும். மகள் பிறந்து பல வருஷம் கழித்து இரண்டாவதாக உண்டானபோது, மடிக்கிற மேசைக்கு மாற்றும்படி கேட்டாள். கறையம்மா கையிலிருந்த விரிப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பிள்ளை பெத்துக்கணும்னா வீட்டுல உட்கார்ந்து பெத்துக்கோ. இங்க வந்தா வண்டி தள்ளணும்."

அந்த வாரமே அவள் இயந்திரங்களுக்கு நடுவில், தண்ணீர் ஓடிய தரையில் உட்கார்ந்துவிட்டாள். கலைந்து போனது ஆண் பிள்ளை என்று நர்ஸ் பிறகு சொன்னாள். வண்டி தள்ளியதால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. குஷன்காரருக்கு டாக்டர் சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகும் மனைவி அங்கேதான் வேலைக்குப் போனாள். அவருடைய கடை வீட்டின் முன்னறை. சோபாவுக்குத் துணி மாற்றுவார், கார் சீட்டுக்கு உறை தைப்பார், ஆஸ்பத்திரி நாற்காலிகளுக்கு நுரைமெத்தை வெட்டிக் கொடுப்பார். வேலை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. கறையம்மா ஓய்வுபெற்றுப் போன அன்று சலவைக்கூடத்தில் யாரும் அழவில்லை. கேக் வெட்டலாமா என்று ஒருத்தி கேட்டாளாம். அவள் போன பிறகு வெட்டலாம் என்று இன்னொருத்தி சொன்னாளாம். மனைவி வீட்டில் வந்து இதைச் சொன்னபோது குஷன்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

வயிற்று வலி என்று டாக்டரிடம் போனவளுக்குக் கணையத்தில் கட்டி இருந்தது. டாக்டர் இளைஞர், நல்ல மாதிரி. படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டிவிட்டு, "அறுக்கிற நிலை தாண்டிருச்சும்மா. இனிமே மாசக் கணக்குலதான் பேசணும்" என்றார். வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மருத்துவமனை வாசலில் குஷன்காரர் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவள்தான் அவர் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டவைத்தாள்.

அன்று சாயங்காலம் அவள் கடையில் வந்து, பாதி தைத்த சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள்.

"இத்தனை நாளும் பொழுது அதுபாட்டுக்குப் போச்சு. இனிமே நான் பார்த்துச் செலவு பண்ணணும்."

"நீ ஒண்ணும் செலவு பண்ண வேணாம். படுத்து ஓய்வெடு, போதும்."

"படுக்கிறதுக்கு அப்புறம் நிறைய நேரம் இருக்கு. அவர் முன்னாடி போய் நிக்கும்போது வெறுங்கையோட நிக்கக் கூடாதுங்க."

யார் முன்னால் என்று அவர் கேட்கவில்லை. இருவரும் ஞாயிறு தோறும் சபைக்குப் போகிறவர்கள்தான். அவள் முன்வரிசை. அவர் கடைசி வரிசை. பிரசங்கம் நீண்டால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நழுவுகிறவர். அவளுடைய விசுவாசம் இருவருக்கும் போதும் என்று வெகுகாலமாக எண்ணியிருந்தார்.

மறுவாரம் ஸ்கேன் எடுக்கும் இடத்தில் காத்திருந்தார்கள். நடைபாதைச் சுவரோரம் ஒரு தள்ளு கட்டில் நின்றது. அதில் ஒரு கிழவி கிடந்தாள். வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு கை செத்துப்போய் வயிற்றின்மேல் கிடந்தது. அடியில் விரித்த துணி நனைந்து, ஓரமாகத் தரையில் சொட்டியது. போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போனார்கள். குஷன்காரருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. மனைவி எழுந்து கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "மேடம்" என்றாள்.

கறையம்மாவின் நல்ல கண் திரும்பியது. அடையாளம் தெரிந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. யாரும் கூட இல்லை. அண்ணன் மகன் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டான் என்று ஊழியர் ஒருவர் சொன்னார். மனைவி நேரே உள்ளே போனாள். அவளுக்குத் தெரியாத அலமாரியா அங்கே? ஒரு விரிப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். "இந்தப் பக்கம் பிடிங்க" என்றாள் கணவரிடம்.

அவர் பிடிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார். அவள் தனியாகவே கிழவியை ஒருக்களித்து, அழுக்கை உருட்டி, புதியதை விரித்து, மறுபக்கம் புரட்டினாள். முடிந்தபோது அவள் நெற்றி வியர்த்து, உதடு வெளுத்திருந்தது. ஸ்கேனுக்கு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அவர் சொன்னார்: "உப்பைத் தின்னவ தண்ணி குடிக்கிறா. அதுல உனக்கு என்ன?"

"குடிக்கத் தண்ணி கொடுக்கத்தான் ஆள் இல்லையே" என்றாள்.

கறையம்மா இருந்தது மருத்துவமனைக்குப் பின்தெருவில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்து அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர். அண்ணன் மகன் ஏற்பாடு செய்த பெண் காலையில் வந்து, துடைத்து, ஏதோ ஊட்டிவிட்டுப் போய்விடுவாள். மறுபடி இருட்டும் நேரத்தில்தான் வருவாள். நடுவில் பகல் முழுவதும் கிழவி அதே பக்கம் கிடப்பாள். முதுகின் கீழே புண் வந்திருந்தது. மனைவி மத்தியானத்தில் போகத் தொடங்கினாள். மசித்த சாப்பாட்டை டப்பாவில் எடுத்துக்கொள்வாள். கொடுத்து, துடைத்து, புண்ணுக்கு மருந்து போட்டு, மறுபக்கம் புரட்டிவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து திரும்புவாள். பஸ்ஸில் போய்வரவே அவளுக்குப் பாதி உயிர் போனது.

முதல் நாள் குஷன்காரர் கத்தினார். இரண்டாம் நாள் பேசாமல் இருந்தார். பிறகு ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "நம்ம பிள்ளை ஞாபகம் இருக்கா உனக்கு?" என்று கேட்டார்.

அவள் அந்தத் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "உங்களுக்கு ஞாபகம் வரும்போதெல்லாம் எனக்கு வயிறு வலிக்குது. எனக்கு ஞாபகம் இல்லன்னு நினைக்கிறீங்களா?" என்றாள். "எனக்கு அவங்களைப் பிடிக்கலைங்க. இன்னைக்கும் பிடிக்கல. தினமும் அந்தக் கதவுக்கு முன்னாடி நின்னு, ஆண்டவரே, எனக்கு இவளைப் பிடிக்கலன்னு சொல்லிட்டுத்தான் உள்ள போறேன்."

"பின்ன ஏன் போற?"

"பிடிச்சவங்களுக்குச் செய்யறதை எல்லாருந்தான் செய்யறாங்க. அதோட பலன் இங்கயே தீர்ந்துடும்." பிறகு சிரித்தாள். "அதோட, அத்தனை வருஷம் அந்தம்மா என்னைத் துவைச்சாங்கல்ல. இப்ப என் முறை."

போதகர் வீட்டுக்கு வந்தார். உள்ளன்போடுதான் வந்தார், ஜெபம் பண்ணும்போது அவர் குரல் உடைந்தது. பெண்கள் கூடுகை வரப்போகிறது, நீங்கள் உங்கள் சாட்சியைச் சொன்னால் பலர் பலப்படுவார்கள், உங்களுக்கு இருக்கிற காலத்தை ஆண்டவருக்காக அப்படிப் பயன்படுத்தலாமே என்றார்.

"எப்ப பாஸ்டர்?"

"மத்தியானந்தான். சாப்பாட்டுக்கு அப்புறம்."

"மத்தியானம் முடியாதே பாஸ்டர். பேசறதுக்கு நம்ம சபையில ஆளா இல்ல? அவங்களைப் புரட்டிப் போடத்தான் ஆள் இல்ல."

போதகர் கொஞ்சம் சங்கடப்பட்டார். சபையிலிருந்து யாரையாவது அனுப்புகிறேன் என்றார். அனுப்பவும் செய்தார். இரண்டு பெண்கள் ஒருநாள் வந்தார்கள். கறையம்மா அவர்களில் ஒருத்தியின் முகத்தில் சாப்பாட்டைத் துப்பினாள். அதோடு சரி.

மகள் வேறு ஊரில் இருந்தாள். மருந்துக்கடை வேலை, கணவன், வாடகை வீடு. அம்மாவுக்கென்று ஓர் அறையை ஒழித்து வைத்திருந்தாள். புதுத் திரை, புதுப் போர்வை, தலைமாட்டில் மணி. லீவு போட்டுவிட்டு வந்து அம்மாவை அழைத்துக்கொண்டு போனாள். குஷன்காரருக்கு நிம்மதி. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், மனைவி பையோடு வாசலில் நின்றாள். பின்னாலேயே மகளும் வந்து நின்றாள். அழுதழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"அப்பா, அம்மாகிட்ட நீங்களே கேளுங்க. நான் என்ன குறை வெச்சேன்?"

"உன்கிட்ட ஒரு குறையும் இல்லடா" என்றாள் அம்மா, நாற்காலியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்துகொண்டு. "அங்க புண்ணு மறுபடி பெரிசாகியிருக்கும்."

"யாரோட புண்ணு? என் தம்பியைக் கொன்னவளோட புண்ணா? தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்னு சொல்வாங்க. உனக்கே இங்க நாள் இல்ல. அதையும் கொண்டுபோய் அவகிட்ட கொட்டறியே. நான் உன் பொண்ணு இல்லையா?"

"நீ என் பொண்ணுதான். உனக்குச் செய்யணும்னா நான் ஆசையாச் செய்வேன்."

"அப்போ செய்யேன்."

அம்மா நாற்காலியில் முன்னால் சாய்ந்தாள். கையை நீட்டினாள். மகள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. அன்றைக்கே பஸ் ஏறிப் போய்விட்டாள். அந்த மாலை குஷன்காரரின் மனைவி சுவர் பக்கம் திரும்பிப் படுத்து அழுததை அவர் கேட்டார். "நான் தப்பா எடைபோட்டுட்டேனோ தெரியல" என்று ஒருதரம் சொன்னாள். அவர், ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

அவள் மெலிந்துகொண்டே வந்தாள். தனியாகப் புரட்ட முடியாமல் போனபோது அவரிடம் உதவி கேட்கவில்லை, மெத்தை கேட்டாள். புண்ணுள்ள இடத்தில் அழுத்தாதபடி நடுவில் பள்ளம் விட்டு ஒரு நுரைமெத்தை வெட்டித் தர முடியுமா என்றாள். மனைவிக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெட்டினார். நல்ல அடர்த்தியான நுரை. அடியில் கெட்டி, மேலே மிருது. நீர் புகாத உறை தைத்தார். அதைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு, முதல்முறையாக அந்த அறைக்குள் போனார்.

மருந்தும் மூத்திரமும் கலந்த வாடை. கறையம்மா அவரைப் பார்த்துவிட்டு, மனைவியைப் பார்த்தாள். பேச்சு குழறியது, ஆனால் புரிந்தது.

"இன்னைக்கும் லேட்டு. ஆடி அசைஞ்சு வர்ற. சோம்பேறி."

குஷன்காரர் மெத்தையைத் தரையில் போட்டார். எத்தனையோ வருஷமாக அடக்கி வைத்தது வாய்க்கு வந்துவிட்டது.

"அவ சாகப்போறா. தெரியுமா உங்களுக்கு? வயித்துல கட்டியை வெச்சுக்கிட்டு, பஸ்ல நின்னுக்கிட்டு, உங்களுக்குக் குண்டி கழுவ வர்றா. அவளைச் சோம்பேறிங்கறீங்க."

"என்னங்க, விடுங்க" என்றாள் மனைவி.

மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். கறையம்மா கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"கண்ணு மஞ்சளாகி எத்தனை நாளாச்சு. மஞ்சளைப் பார்த்து வளர்ந்த கண்ணு இது. எனக்குத் தெரியாதா?" மூச்சு வாங்கினாள். "வராதேன்னு சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரல. நிசமாவே வராம போயிட்டா நான் என்ன பண்றது?"

மனைவி மெத்தையின் சுருளைப் பிரிக்கத் தொடங்கினாள். அன்று குஷன்காரர் ஒரு பக்கம் பிடித்தார். மெத்தைக்காகத்தான் பிடித்தார், கிழவியைத் தொடாமல், விரிப்பின் நுனியை மட்டும்.

அதற்குப் பிறகு அவள் அதிக நாள் போகவில்லை. ஒரு காலையில் படுக்கையிலிருந்து எழுந்து, ஒரு காலைச் செருப்பில் நுழைத்தவள், மற்றக் காலை நுழைக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவர் அவளைத் தூக்கிப் படுக்கவைத்தார். கையில் கனமே தெரியாதது அவரைப் பயமுறுத்தியது. மகளுக்குப் போன் செய்தார்.

மகள் வந்துவிட்டாள். இரவும் பகலும் பக்கத்திலேயே இருந்தாள். ஊசி மருந்தை அளந்து போட்டாள், வாயை ஈரத் துணியால் ஒற்றினாள். ஆனால் அம்மாவுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. தெளிவாக இருந்த சொற்ப நேரங்களில் ஒருமுறை மகளின் கன்னத்தைத் தடவி, "புதுத் திரை நல்லாயிருந்துச்சு" என்றாள். மகள் எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினாள். திரும்பி வந்தபோது அம்மா தூங்கியிருந்தாள்.

இன்னொருமுறை, மகள் குளிக்கப் போயிருந்த நேரம், அவரைக் கூப்பிட்டாள்.

"அங்க மத்தியானத்துல யார் போறாங்க?"

"ஆள் போட்டிருக்கு."

"நிசமாவா?"

"பாஸ்டர் போட்டுட்டார். நல்ல பொண்ணு. நீ அதை நினைக்காத."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா, இல்லை நம்பாமலே விட்டுவிட்டாளா என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. "நல்லது" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு வலியைத் தவிர வேறெதைப் பற்றியும் அவள் பேசியதாக அவருக்கு நினைவில்லை. வலி கடுமையாகத்தான் இருந்தது. சபையில் சொல்வதுபோல முகத்தில் ஒளியோடு ஒன்றும் அவள் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, போர்வையைக் கையில் சுருட்டிக்கொண்டு, ஒரு விடியற்காலையில் போனாள்.

அடக்க ஆராதனையில் போதகர், காலத்தை வீணாக்காமல் நித்தியத்துக்காக வாழ்ந்த சகோதரி என்று சொன்னார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். சலவைக்கூடத்துப் பெண்கள் கடைசியில் நின்று அழுதார்கள். குஷன்காரர் குழியில் மண் போட்டார். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது அவர் மனதில் துக்கத்துக்குப் பக்கத்திலேயே அந்தப் பொய்யும் நின்றது. சாகப்போகிறவளிடம் சொன்ன பொய். அவள் இப்போது யார் முன்னால் நிற்கிறாளோ, அவருக்கு அது தெரிந்திருக்கும். அவளுக்கும் சொல்லியிருப்பார்.

மகள் ஊருக்குப் போன மறுநாள் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுப் பின்தெருவுக்குப் போனார். இரக்கத்தால் போகவில்லை. பொய்யை மெய்யாக்கிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனார். ஒரே ஒரு தடவை.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கறையம்மா சுவரைப் பார்த்துக் கிடந்தாள். ஈ மொய்த்தது. காலடிச் சத்தம் கேட்டதும், "எங்க போய்த் தொலைஞ்ச இத்தனை நாளா?" என்றாள்.

"நான் அவ புருஷன்."

"அவ எங்க?"

"அடக்கம் பண்ணியாச்சு."

கிழவியின் முதுகு மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. அது அசையவில்லை. அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். வந்த காரியத்தைச் செய்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கேட்கவேண்டும் என்று இருந்தது. இனி கேட்காவிட்டால் எப்போதும் கேட்க முடியாது.

"ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி அவ மாசமா இருந்தா. வண்டி தள்ள முடியல, மடிக்கிற மேசைக்கு மாத்துங்கன்னு உங்ககிட்ட கேட்டா. ஞாபகம் இருக்கா?"

"அவளும் கேட்டா."

"எப்ப?"

"இங்க வந்து. எனக்குக் கால் துடைச்சுக்கிட்டே கேட்டா. ஞாபகம் இல்லன்னு சொன்னேன். எத்தனையோ பேரு எதை எதையோ கேட்டாங்க, எல்லாத்தையும் நான் மனசுல வெச்சிருக்கிறேனான்னு சொன்னேன்."

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. தண்ணி சூடு போதுமான்னு கேட்டா."

குஷன்காரர் எழுந்துவிட்டார். கதவுவரை போனார்.

"பொய்" என்றாள் கிழவி பின்னாலிருந்து. "அவகிட்ட பொய் சொல்லிட்டேன். ஞாபகம் இருக்கு. அவ உட்கார்ந்த இடம், தரையில ஓடினது, எல்லாம் இருக்கு. அன்னைக்குத் துடைக்க ஆள் விட்டதே நான்தான்." குழறல் அதிகமாகி, அவள் நிறுத்தி எச்சில் விழுங்கினாள். "மறுநாள் சொல்லிடலாம்னு நினைச்சேன். மறுநாளும் வந்தா. அதுக்கு மறுநாளும் வந்தா. அவதான் தினம் வர்றாளே, எங்க போகப்போறான்னு இருந்துட்டேன். சாகப்போறான்னு தெரிஞ்சும் இருந்துட்டேன்."

அவர் கதவில் கையை வைத்தபடி நின்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அது அவர் கொடுக்கக்கூடியது அல்ல என்றே அவருக்குத் தோன்றியது. அதைக் கையில் வைத்திருந்தவள் மண்ணுக்குள் போய்விட்டாள். ஒருவேளை, தண்ணீர் சூடு போதுமா என்று கேட்டபோதே அவள் அதைக் கொடுத்து முடித்திருந்தாளோ என்னவோ. அவருக்குத் தெரியாது.

விரிப்பு நனைந்திருந்தது. அப்படியே விட்டுவிட்டுப் போவது எளிது. கொஞ்ச நேரம் கழித்து அவர் சட்டைக் கையை மடித்தார். கிழவியைப் புரட்டுகிற விதம் தெரியாமல் தோளைப் பிடித்து இழுத்தார். அவள் வலியில் அலறினாள்.

"மெத்தை தைக்கிறவன் தானே நீ? நான் என்ன பஞ்சு மூட்டையா?"

"பஞ்சு இவ்வளவு பேசாது" என்றார்.

புண்ணைப் பார்த்ததும் அவர் பின்வாங்கினார். ஜன்னலருகே போய் நின்று மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பி வந்தார். எல்லாம் முடிய வெகுநேரம் ஆயிற்று. பாதி தப்பாகத்தான் செய்தார். புறப்படும்போது கிழவி, "அவ உட்கார்ந்து ஜெபம் பண்ணிட்டுத்தான் போவா" என்றாள்.

"எனக்கு அதெல்லாம் வராது."

"அப்போ சும்மா உட்காரு."

உட்கார்ந்தார்.

ஒரு தடவைதான் என்று போனவர் மறுநாளும் போனார். ஏன் என்று அவரைக் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. பொய் ஒருநாளில் மெய்யாகிவிடவில்லை என்பது ஒரு காரணம். மனைவி இல்லாத வீட்டில் மத்தியானம் ஒரு மலைபோல நின்றது என்பது இன்னொன்று. கதவுக்கு வெளியே நின்று, அவள் சொன்னதைத் தானும் சொல்லிப் பார்த்தார். எனக்கு இவளைப் பிடிக்கல. அது ஜெபம் என்றால், அவர் வாழ்க்கையில் பொய்யில்லாமல் செய்த முதல் ஜெபம் அதுதான்.

மகளிடம் மறைக்கவில்லை. போனில் சொன்னார்.

"நீங்களுமாப்பா?"

"ஆமா."

"அம்மாவோட அந்த மாசங்கள்ல எனக்கும் பங்கு இருக்குப்பா. யாரும் என்னைக் கேட்கல. எடுத்துக் கொடுத்துட்டீங்க."

"உண்மைதாம்மா" என்றார். பரலோகத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சபையில் சொல்வார்கள். மகளின் அழுகையைக் காதில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

குளிர் தொடங்கியபோது மகள் அம்மாவின் கல்லறையில் கல் வைப்பதற்காக வந்தாள். வேலை முடிந்து திரும்பும் நேரம் மத்தியானமாகிவிட்டது. "நீ வீட்டுக்குப் போ. நான் வந்துடறேன்" என்றார். அவள் போகவில்லை. கூடவே பின்தெருவரை நடந்து வந்தாள். ஆனால் உள்ளே வரவில்லை. கட்டடத்தின் வாசல்படியில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறையம்மா அன்று மிகவும் தளர்ந்திருந்தாள். அவளுடைய நல்ல கையும் பிடிமானம் விட்டுப்போயிருந்தது. தனியாகப் புரட்டுவது சிரமமாக இருந்ததால் அவர் ஒருமுறை மகளைக் கூப்பிட்டார். பதில் வரவில்லை. மறுபடி கூப்பிடவில்லை. கிழவி கத்தக் கத்த எப்படியோ செய்து முடித்தார். துணியை அலசிப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அவர் வெளியே வந்தபோது மகள் படியில் இல்லை, பாதி திறந்த கதவை ஒட்டி நின்றிருந்தாள்.

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டிருந்தது, தெரு நெரிசலாக இருந்தது. மகள் அவரைப் பார்க்காமலே கேட்டாள்.

"அம்மா எந்தப் பக்கம் நின்னு புரட்டுவாங்க?"

"சுவர்ப் பக்கம்னு அந்தம்மா சொல்லுது. கட்டிலை இழுத்துவிட்டு நடுவுல போய் நிப்பாளாம். முழங்காலைக் கட்டில்ல ஊனிக்குவாளாம்."

"நீங்க முன்பக்கம் நின்னு இழுக்கறீங்க. அதான் அந்தம்மா அப்படிக் கத்துது."

பஸ் வந்தது. உட்கார இடம் இருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருவரும் வீடுவரை நின்றுகொண்டே போனார்கள்.